செம்பூர் வீட்டு மல்லியும் கவுன்ட்டர் இங்கிலீஷும்

மும்பையில் குர்லா பக்கம் ஒரு மாலில் பெர்ஃப்யூம் கவுன்ட்டர் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு 38 வயது. அதுவரை செம்பூரில் வீடு, இரண்டு பிள்ளைகள், அவர்களின் பரீட்சை என்று ஓடிக்கொண்டிருந்தது. சொந்த ஊர் நிலக்கோட்டை. அம்மா பூக்கட்டி எங்களை வளர்த்தவள். விடிவதற்கு முன்னால் மல்லி மொட்டுப் பறிக்கப் போகும் பெண்களோடு நானும் போயிருக்கிறேன். பூவின் தரத்தை மூக்கால் பார்க்கத் தெரிந்த பிறகுதான் எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தது. ஆனால் அந்த வாசனையை இங்கிலீஷில் சொல்லத் தெரியாமல் கவுன்ட்டரில் முதல் மூன்று மாதம் மிகவும் கஷ்டப்பட்டேன். என்னைப் போலத் தமிழில் படித்துவிட்டு மும்பைக்கு வந்து வேலை தேடுகிற பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சேர்ந்த இரண்டாம் நாள் ஓர் அம்மா வந்தார். ஒரு பாட்டிலைக் காட்டி, “வாட் டஸ் இட் ஸ்மெல் லைக்?” என்று கேட்டார். “வெரி நைஸ் ஸ்மெல், மேடம்” என்றேன். அடுத்த பாட்டிலைக் காட்டினார். அதற்கும் அதையே சொன்னேன். மூன்றாவதைக் காட்டாமலே போய்விட்டார். நான் மரியாதைக் குறைவாக எதுவும் பேசவில்லை, ஆனால் அவர் கேட்டதற்குப் பதிலும் சொல்லவில்லை. அந்தக் கேள்வியிலேயே ‘லைக்’ என்று ஒரு சொல் இருக்கிறது. எதைப் போல என்றுதான் அவர் கேட்டார். நல்லதா கெட்டதா என்று கேட்கவில்லை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு வெகுநாள் ஆனது.

இன்னொரு நாள், கஸ்தூரி வாடை கலந்த ஒரு விலை உயர்ந்த சரக்கை எடுத்துக் காட்டி, “வெரி மஸ்டி, சார்” என்றேன். அவர் பாட்டிலைத் திரும்ப வைத்துவிட்டார். நான் சொல்ல நினைத்தது ‘மஸ்கி’. அது கஸ்தூரி மணம். ‘மஸ்டி’ என்றால் பூஞ்சை பிடித்த வாடை, ஜூலை மாதம் மும்பை வீட்டு அலமாரியைத் திறந்தால் மூக்கில் ஏறுமே, அது. அதே வாரம் ஒரு வெளிநாட்டுப் பெண்ணிடம் “சாண்டல் ஸ்மெல்” என்றேன். அவருக்குப் புரியவே இல்லை. மைசூர் சாண்டல் சோப் என்று சின்ன வயதிலிருந்து வாசித்த பழக்கத்தில் சந்தனத்துக்கு அதுதான் பெயர் என்று நினைத்திருந்தேன். இங்கிலீஷில் சாண்டல் என்று மொட்டையாகச் சொன்னால் செருப்பு. சந்தனத்துக்கு ‘சாண்டல்வுட்’ என்று முழுதாகச் சொல்ல வேண்டும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது கூட வேலை பார்த்த தாராவிப் பெண். தாராவியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப்பிள்ளை, என்னை விடப் பதினான்கு வயது சின்னவள். “அக்கா, ஒரு நோட்டு வாங்குங்க, ஒரு நாளைக்கு மூணு வார்த்தை போதும்” என்றாள். அந்த நோட்டு இப்போதும் என் பையில் இருக்கிறது.

நோட்டில் முதலில் எழுதியது ஒரு வாக்கிய அமைப்பு. நாம் “வாசனை வருது” என்போம். அதை அப்படியே “நைஸ் ஸ்மெல் இஸ் கமிங்” என்று சொல்லிவிடுகிறோம். இங்கிலீஷில் வாசனை நடந்து வருவதில்லை. ஒன்று, அந்தப் பொருளே மணக்கும்: “தி கிச்சன் ஸ்மெல்ஸ் வொண்டர்ஃபுல்.” இல்லையென்றால் நான் அதை உணர்வேன்: “ஐ கேன் ஸ்மெல் ஜாஸ்மின்.” இந்த இரண்டும் கைவந்தால் தினசரிப் பேச்சில் பாதிக்கு மேல் சமாளித்துவிடலாம். ‘ஸ்மெல்ஸ் ஸ்வீட்’ என்றுதான் சொல்ல வேண்டும், ‘ஸ்வீட்லி’ கிடையாது. ‘ஸ்மெல்ஸ் லைக் ரோசஸ்’ என்றால் ரோஜாவைப் போல இருக்கிறது. ‘ஸ்மெல்ஸ் ஆஃப் ரோசஸ்’ என்றால் ரோஜா உண்மையிலேயே அதில் இருக்கிற மாதிரி. சின்ன வித்தியாசம்தான், ஆனால் சரக்கு விற்கிறவளுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

அப்புறம் ஒரு முக்கியமான எச்சரிக்கை. ஒருவரைப் பார்த்து “யூ ஸ்மெல்” என்று நிறுத்தினால் உங்கள் மேல் நாறுகிறது என்று அர்த்தம். பின்னால் நைஸ், லவ்லி, கிரேட் என்று ஏதாவது ஒன்று கட்டாயம் வர வேண்டும். அப்படியே சேர்த்தாலும், பழக்கமில்லாதவரிடம் “யூ ஸ்மெல் லவ்லி” என்பது கொஞ்சம் நெருங்கிப் பேசுவது போல ஆகிவிடும். ஆபீஸிலோ கடையிலோ “தட்ஸ் எ லவ்லி பெர்ஃப்யூம்” என்று சென்ட்டைப் புகழ்வதுதான் பாந்தம். பெர்ஃப்யூமை ‘யூஸ்’ பண்ணுவதை விட ‘வேர்’ பண்ணுவது இயல்பான இங்கிலீஷ், புடவை உடுத்துவது மாதிரி.

‘ஸ்மெல்’ தனியாக நின்றால் ஏன் கெட்டதாகிறது என்பதற்கு விடை என் வீட்டிலேயே கிடைத்தது. மார்கழியில் மகள் திருப்பாவை பாடிக்கொண்டிருந்தாள். “நாற்றத் துழாய்முடி நாராயணன்” என்ற இடத்தில் நிறுத்தி, “ஏம்மா, பெருமாள் நாறுவாரா?” என்று கேட்டாள். ஆண்டாள் காலத்தில் நாற்றம் என்றால் நல்ல மணம், துளசியின் மணம். பிற்பாடு அந்தச் சொல் சரிந்துவிட்டது. இங்கிலீஷிலும் இதே கதைதான். ‘ஸ்டிங்க்’ என்ற சொல் ஆயிரம் வருடத்துக்கு முந்திய இங்கிலீஷில் நல்ல மணத்துக்கும் வந்தது. இன்றைக்கு அது துர்நாற்றம் மட்டுமே. ‘ஓடர்’ இப்போது பெரும்பாலும் வியர்வைக்கும் சாக்கடைக்கும் போய்விட்டது. ‘ஸ்மெல்’ நடுவில் நிற்கிறது, ஆனால் தனியே விட்டால் சரிவுப் பக்கம் சாய்கிறது. நல்ல மணத்துக்கென்று மிச்சம் இருப்பவை ஃபிராக்ரன்ஸ், சென்ட், அரோமா. பூவுக்கும் சோப்புக்கும் ஃபிராக்ரன்ஸ். காபி, நெய், வறுத்த மல்லிக்கு அரோமா. சென்ட் என்றால் நமக்கு பாட்டில்தான் ஞாபகம் வரும். இங்கிலீஷில் அது மெல்லிய இயற்கை மணத்துக்கும் வரும்: மழையின் சென்ட், குழந்தைத் தலையின் சென்ட்.

இவ்வளவும் எழுதி வைத்த பிறகும் பாட்டிலை எடுத்துப் பேச வரவில்லை. அந்த முடிச்சை அவிழ்த்தது அம்மா.

அந்தத் தீபாவளிக்கு அம்மா செம்பூர் வந்திருந்தாள். வீட்டில் பழகிப் பார்ப்பதற்காக வாசனை தெளித்த காகிதப் பட்டைகள் சிலவற்றைக் கொண்டுபோயிருந்தேன். நாலும் மல்லிகை என்று பெட்டியில் போட்டிருந்த சரக்கு. எனக்கு நாலுமே ‘ஜாஸ்மின்’, அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. அம்மா கண்ணை மூடி ஒவ்வொன்றாக முகர்ந்தாள். “இது காலையில பறிச்ச மொட்டுத்தா, காம்பு வாசம் இன்னும் போகல. இது சாயங்காலம் விரியுற பூ. இது கல்யாண வீட்டுப் பந்தல், கொஞ்சம் நேரம் நின்னா தலை கிறுகிறுங்கும். இது மறுநாள் காலையில தலையிலிருந்து எடுத்துப் போடுற பூ.” அவ்வளவுதான், திரும்ப வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள்.

நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். வாடிக்கையாளர்கள் என்னிடம் இதைத்தானே கேட்கிறார்கள்? அன்றைக்கு ராத்திரி அந்தத் தாராவிப் பெண்ணுக்கு போன் போட்டேன், இரண்டு பேரும் சேர்ந்து அம்மா சொன்னதை இங்கிலீஷில் எழுதினோம். காம்பு வாசம் என்பதற்கு பெர்ஃப்யூம்காரர்கள் சொல்வது ‘கிரீன்’. நறுக்கிய தண்டு, கசக்கிய இலை, புல் எல்லாம் கிரீன். நாமும் பச்சை வாசம் என்றுதானே சொல்கிறோம்! ஆனால் குழம்பில் மசாலாவின் பச்சை வாசனை போக வேண்டும் என்போமே, அதற்கு கிரீன் பொருந்தாது, அது ‘ரா ஸ்மெல்’. சாயங்கால மல்லிக்கு ‘சாஃப்ட்’, ‘ஸ்வீட்’. பந்தலுக்கு ‘ஹெடி’. இந்தச் சொல்லை எனக்கு மிகவும் பிடிக்கும், தலைக்கு ஏறுகிற மணம் என்பதை ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறது. மறுநாள் பூவுக்கு ‘ஓவர்ரைப்’, அதாவது அளவுக்கு மீறிப் பழுத்தது என்று எழுதினோம். மல்லிகையில் இண்டோல் என்றொரு பொருள் இயல்பாகவே உண்டு என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அது அளவோடு இருந்தால் பூவுக்கு ஆழம் தரும், கூடினால் அழுகலை நினைவூட்டும். அம்மாவுக்கு இண்டோல் என்ற பெயர் தெரியாது, ஆனால் அவள் மூக்குக்கு அது தெரிந்திருக்கிறது.

அன்றிலிருந்து என் வழி மாறியது. சொல்லைத் தேடுவதற்கு முன்னால் இடத்தைத் தேடினேன். இந்த மணத்தை எங்கே, எந்த நேரத்தில், எதன் பக்கத்தில் அறிந்தேன்? முதலில் தமிழில் ஒரு வரி. பிறகு அதை எளிய இங்கிலீஷில் சொல்வது. “லைக் ஜாஸ்மின் பட்ஸ், எர்லி மார்னிங், ஸ்டில் ஆன் தி பிளான்ட்” என்று முதல்முறை ஒரு வாடிக்கையாளரிடம் சொன்னபோது குரல் நடுங்கியது. அவர் பட்டையை இன்னொரு முறை முகர்ந்து, “எஸ், எக்ஸாக்ட்லி” என்றார். இலக்கணத்தில் அந்த வாக்கியம் முழுமை இல்லை. ஆனால் அவருக்கு அந்தச் செடி தெரிந்துவிட்டது.

இங்கிலீஷ்காரர்களுக்கு மட்டும் இது சுலபம் என்று நினைக்க வேண்டாம். 2014-ல் ஆசிஃபா மஜீத், நிக்லஸ் புரென்ஹுல்ட் என்ற இரண்டு மொழியியலாளர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மலாய் தீபகற்பத்தில் ஜஹாய் என்றொரு வேட்டைச் சமூகம். நிறத்துக்குச் சிவப்பு, பச்சை என்று நாம் வைத்திருப்பதைப் போல அவர்கள் மணத்துக்கென்றே தனிச் சொற்கள் வைத்திருக்கிறார்கள், சட்டென்று ஒன்றுபோலச் சொல்கிறார்கள். அதே மணங்களை இங்கிலீஷ் பேசுகிறவர்களிடம் கொடுத்தபோது அவர்கள் தடுமாறினார்கள். இலவங்கப்பட்டைக்கே ஒருவர் சுற்றிச் சுற்றி வளைத்துப் பேசியிருக்கிறார். இங்கிலீஷில் மணத்துக்கென்று சொந்தச் சொல் குறைவு, அதனால் எல்லாம் இரவல். தொடு உணர்விலிருந்து ‘சாஃப்ட்’, ‘ஷார்ப்’, ‘வார்ம்’. நாக்கிலிருந்து ‘ஸ்வீட்’, ‘ஸ்பைசி’. சங்கீதத்திலிருந்து ‘நோட்’, அதாவது ஸ்வரம். மற்றதெல்லாம் பொருளின் பெயரே: வுடி, ஃப்ளோரல், ஃப்ரூட்டி, சிட்ரஸி, ஸ்மோக்கி, பவுடரி. இதைப் படித்த பிறகு எனக்கு இருந்த கூச்சம் பெருமளவு போய்விட்டது. அவர்களும் ‘எதைப் போல’ என்றுதான் தேடுகிறார்கள்.

நம் பக்கத்துச் சொற்களே அங்கே போய் உட்கார்ந்திருப்பதும் தைரியம் கொடுத்தது. பெட்டிகளில் ‘வெட்டிவர்’ என்று அச்சிட்டிருப்பார்கள். அது நம் வெட்டிவேர்தான், பிரெஞ்சு வழியாக இங்கிலீஷுக்குப் போனது. ‘பச்சௌலி’ என்ற வாசனை இலைக்கும் அகராதிகள் தமிழைத்தான் மூலமாகக் காட்டுகின்றன. பெர்ஃப்யூம் என்ற சொல்லே லத்தீனில் ‘புகை வழியாக’ என்ற பொருளிலிருந்து வந்தது. சாம்பிராணி போட்டுத் தலை உலர்த்திய நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்தச் சாம்பிராணிதான் பெட்டியில் ‘பென்சாயின்’ என்று இருக்கும். சம்பங்கியை ‘ட்யூப்ரோஸ்’ என்பார்கள். ரோஜாவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, கிழங்குள்ள செடி என்ற பொருள்கொண்ட லத்தீன் சொல் அப்படித் திரிந்தது. மரிக்கொழுந்து ‘டவானா’ என்று வரும்.

மும்பையில் இன்னொன்றும் கற்றேன். குண்டுமல்லியை ‘அரேபியன் ஜாஸ்மின்’ என்று புத்தகப்படி சொன்னால் இங்கே யாருக்கும் முகம் மலராது. ‘மோக்ரா’ என்றால் குஜராத்தி, மராத்தி, பார்சி எல்லோருக்கும் உடனே தெரியும். இங்கிலீஷில் பேசும்போதும் அந்தச் சொல்லையே வைத்துக்கொள்ளலாம். கேட்கிறவருக்கு என்ன தெரியுமோ அதைச் சொல்வதுதான் விஷயம். ஒருவர் வெண்ணெயும் வெனிலாவுமாக இருந்த ஒரு சென்ட்டை முகர்ந்துவிட்டு என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றார். “விலே பார்லே ஸ்டேஷன், சார், ஓல்டு டேஸ்” என்றேன். முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. பார்லே பிஸ்கட் ஆலை 2016-ல் மூடப்படும் வரை அந்த ஸ்டேஷனில் ரயில் நின்றால் பெட்டிக்குள் பிஸ்கட் வாசனை நிறையும். இந்த ஊரில் வளர்ந்தவர்கள் அதை மறக்கவே இல்லை. அதே சென்ட்டை ஊருக்குப் புதிதாக வந்த ஒரு பெண் கேட்டபோது “வார்ம், பட்டரி, லைக் ஃப்ரெஷ்லி பேக்ட் பிஸ்கட்ஸ்” என்றேன்.

ஜூன் வந்தால் “ஃபர்ஸ்ட் ரெயின்” கேட்டு வருவார்கள். மண்வாசனைக்கு இங்கிலீஷில் ‘பெட்ரிகோர்’ என்று ஒரு சொல் உண்டு, 1964-ல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இருவர் உண்டாக்கியது. நான் அதைப் பேச்சில் வைப்பதில்லை, பலருக்குத் தெரியாது. “தி ஸ்மெல் ஆஃப் எர்த் ஆஃப்டர் தி ஃபர்ஸ்ட் ரெயின்” என்பதே போதும். முகமது அலி ரோட்டில் உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜ் ஊரின் மிட்டி அத்தர், அதாவது மண் அத்தர், கிடைக்கும். சுட்ட மண்ணை வடித்து, சந்தன எண்ணெயில் இறக்குவது. ஒருமுறை முகர்ந்து பாருங்கள், ‘எர்த்தி’ என்ற சொல் அதன் பிறகு மறக்காது.

பலத்தைச் சொல்லும் சொற்களில் கவனம் வேண்டும். மெல்லியதற்கு ‘லைட்’, ‘சட்டில்’, ‘டெலிகேட்’ என்றால் புகழ்ச்சி. ‘வீக்’ என்றால் சரக்கு சரியில்லை என்று ஆகிவிடும். ‘ஸ்ட்ராங்’ நல்லதாகவும் போகும், கெட்டதாகவும் போகும். ‘ரிச்’ என்றால் எப்போதும் நல்லது. ‘ஓவர்பவரிங்’ என்றால் நெடி தாங்கவில்லை. ‘க்ளாயிங்’ என்பது நம் திகட்டல், அச்சு மாறாமல் அதேதான். வாசனை காற்றில் மிதந்து வருவதற்கு ‘வாஃப்ட்’, ஆள் போன பிறகும் தங்கி நிற்பதற்கு ‘லிங்கர்’. “இட் லிங்கர்ஸ்” என்று நான் சொன்னால் வாடிக்கையாளர் எவ்வளவு நேரம் என்று கேட்பார். அப்போது பாட்டிலில் கலந்திருக்கும் வாசனை எண்ணெயின் அளவைச் சொல்ல வேண்டும். ஓ டி ட்வாலெட் என்று போட்டிருக்கும் சரக்கில் பொதுவாக 5 முதல் 15 சதவீதம், ஓ டி பார்ஃபமில் 15 முதல் 20. கூடினால் பெரும்பாலும் அதிக நேரம் நிற்கும். தெளித்தவுடன் வரும் எலுமிச்சை, ஆரஞ்சு மணம் கால் மணி நேரத்தில் பறந்துவிடும். பிறகு பூ வரும், கடைசியில் மரமும் பிசினும். அதனால் “அட் ஃபர்ஸ்ட் இட்ஸ் லெமனி, லேட்டர் இட் செட்டில்ஸ் இன்டு சாண்டல்வுட்” என்று ‘முதலில், பிறகு’ வைத்துப் பேசுவேன். இந்த ஒரு வாக்கியம் எத்தனையோ விற்பனையை முடித்துக் கொடுத்திருக்கிறது. அவசரப்படுகிறவர்களிடம் மணிக்கட்டில் போட்டுக்கொண்டு மாலுக்குள் ஒரு சுற்று சுற்றிவிட்டு வரச் சொல்வேன்.

பழக விரும்புகிறவர்கள் பெர்ஃப்யூம் வாங்க வேண்டியதில்லை. நான் பழகியது செம்பூரிலிருந்து குர்லா போகும் ஹார்பர் லைன் ரயிலில், லேடீஸ் பெட்டியில். பக்கத்துப் பெண்ணின் தலையிலிருக்கும் கஜ்ரா என்ற பூச்சரம், யாரோ உரித்த கமலா ஆரஞ்சு, குழந்தைக்குப் போட்ட பவுடர், ஈரக் குடை. ஒவ்வொன்றுக்கும் மனதுக்குள் ஒரு வாக்கியம். சனிக்கிழமை மாட்டுங்காவில் தமிழ்ப் பூக்கடைகளுக்குப் போனால் துளசி, மரிக்கொழுந்து, ரோஜா, சம்பங்கி எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். அடுத்தடுத்து முகர்ந்தால்தான் வித்தியாசம் தெரியும், வித்தியாசம் தெரிந்தால்தான் சொல் தேவைப்படும்.

தாழம்பூ மட்டும் ரொம்ப நாள் பிடி கொடுக்கவில்லை. ‘ஸ்க்ரூபைன்’ என்ற பெயர் யாருக்கும் எதையும் சொல்வதில்லை. ஸ்வீட் என்றால் போதவில்லை, ஃப்ளோரல் என்றாலும் போதவில்லை. ஊருக்கு போன் போட்டு அம்மாவிடம் கேட்டேன். “பட்டுப்புடவைப் பெட்டி வாசம்த்தா, வேற என்ன” என்றாள். அடுத்த வாரம் ஒரு வங்காளி அம்மா அந்த சென்ட்டை எடுத்து முகர்ந்துவிட்டு, “இது எனக்குத் தெரியும், ஆனால் என்னவென்று சொல்ல வரவில்லை” என்று இங்கிலீஷில் சொன்னார். “லைக் ஓப்பனிங் யுவர் கிராண்ட்மதர்ஸ் சில்க் சாரி ட்ரங்க்” என்றேன். அவர் அந்தக் காகிதப் பட்டையை மடித்துக் கைப்பையின் உள் ஜிப்பில் வைத்துக்கொண்டார்.